கேமரன் கால்

அன்புள்ள அப்பாவுக்கு,

எங்கே உட்கார்ந்திருந்தாலும் சரி, காலைத் தொங்கவிடாமல் நீட்டி வைத்துக்கொண்டு இதைக் கேளுங்கள். இனி அதைச் சொல்ல வேண்டியதில்லை என்று எனக்குத் தெரியும். வாய்க்குத்தான் இன்னும் பழக்கம் போகவில்லை.

நாளைக்கு உங்கள் பதினாறாம் நாள். முரளி அண்ணன் ஜோகூரிலிருந்து நேற்றே வந்துவிட்டான். வந்ததும் வராததுமாக என்னைப் பிடித்துக்கொண்டான். "பாப்பா, அப்பா போட்டோ நல்லதா ஒன்னு பார்த்துக் கொடு. பிரிஞ்சாங் கடையில நாளைக்குச் சாயங்காலம் அஞ்சு மணிக்குள்ள கொடுத்தாதான் மறுநாள் காலையில பிரேம் போட்டுத் தருவானாம். நீதான் டெய்லி எடுத்தியே, உன்கிட்ட இல்லாத போட்டோவா?" என்றான். நான் தலையை ஆட்டிவிட்டுப் பின்பக்கம் போய் நின்றேன். கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை.

நீங்கள் போன அன்று அவசரத்துக்கு உங்கள் ஐசி அடையாள அட்டையில் இருந்த படத்தைப் பெரிதாக்கி வைத்தோம். அதில் நீங்கள் யாரோ கோபக்கார எஸ்டேட் ஆபீஸ் கிராணி மாதிரி முறைத்துக்கொண்டு இருக்கிறீர்கள். அதை நாளைக்கும் வைக்கக்கூடாது என்பதில் அண்ணன் பிடிவாதமாக இருக்கிறான். நியாயம்தானே?

காலையிலிருந்து போனைத் தேய்த்துக்கொண்டே இருக்கிறேன். உங்கள் படங்கள் இருநூற்றுக்கும் மேல் இருக்கின்றன. இருநூறும் உங்கள் வலது கால். ஒன்றில்கூட முழங்காலுக்கு மேல் நீங்கள் இல்லை. பழைய போன் கியா பார்ம் சந்தைச் சாக்கடையில் விழுந்தபோது தீபாவளிப் படமெல்லாம் அதோடு போய்விட்டது. அண்ணன் கல்யாண ஆல்பத்தில் நீங்கள் கருகருவென்ற முடியோடு இளவட்டமாக நிற்கிறீர்கள். எனக்குத் தெரிந்த அப்பா, கன்னம் ஒட்டி, புருவம் நரைத்து, மேல்பல் ஒன்று போன அப்பா, எங்கேயும் இல்லை.

இது எப்படி நடந்தது என்று உங்களுக்கே தெரியும். ஆனாலும் என் வாயால் ஒருமுறை முழுதாகச் சொல்லிவிடுகிறேன். நீங்கள் இருந்தவரை இதைப் பற்றி என்னை ஒரு வார்த்தை திட்டவில்லை. அதனால்தான் நானே சொல்கிறேன்.

தேயிலைக் கவாத்து வேலையிலிருந்து ஓய்வு வாங்கிய பிறகும் உங்களால் வீட்டில் உட்கார முடியவில்லை. விடிந்ததும் பூட்ஸை மாட்டிக்கொண்டு தேயிலைச் சரிவில் கீரை பறிக்கப் போய்விடுவீர்கள். அன்றைக்குப் பூட்ஸுக்குள் ஒரு கல் இருந்திருக்கிறது. சர்க்கரை வியாதிக் கால், கல் குத்துவது தெரியவில்லை. மத்தியானம் வரைக்கும் அதன் மேலேயே நடந்திருக்கிறீர்கள். பூட்ஸைக் கழற்றியபோது காலுறை நனைந்திருந்தது. அம்மா அதைத் தண்ணீர் என்று நினைத்து வெயிலில் போட எடுத்துப் போனாள்.

தானா ராத்தா கிளினிக்கில் கட்டுப் போட்டுவிட்டு, ஈப்போ ஆஸ்பத்திரியில் புண்ணுக்கென்றே இருக்கும் புஷ்பா மிஸ்ஸியின் போன் நம்பரைக் கொடுத்தார்கள். தினம் மலையிறங்கிப் போய் அந்த நர்ஸிடம் காட்டுவது நடக்கிற காரியமா? அதனால் போட்டோ எடுத்து அனுப்பச் சொன்னார்கள். அன்றைக்கே அவர்களைக் கூப்பிட்டேன். நீங்கள் பக்கத்தில் உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருந்தீர்கள்.

"டெய்லி காலையில, ஒரே இடத்துல, வெளிச்சத்துல வச்சு எடுங்க. பக்கத்துல ஒரு தீப்பெட்டி வைங்க, அப்பதான் புண்ணோட அளவு எனக்குத் தெரியும். நான் சொல்ற மருந்தைத் தவிர வேற எதையும் போடாதீங்க. சுத்தி செவப்பு ஏறுச்சுன்னா உடனே சொல்லுங்க. விட்டுட்டா அப்புறம் வெட்டுறதைத் தவிர வழி கிடையாது" என்றார் மிஸ்ஸி.

எனக்கு எல்லாம் கேட்டது. உங்களுக்குச் சிவப்பும் வெட்டும் மட்டும்தான் கேட்டிருக்கிறது. பெரியப்பாவுக்குக் காலை முழங்காலோடு எடுத்து, ஒன்பதாம் நாள் அவர் வார்டிலேயே போனதை நீங்கள்தானே கூட இருந்து பார்த்தீர்கள்.

மறுநாளிலிருந்து நம் வீட்டில் தினமும் அதே கூத்து. கட்டுப் பிரிப்பது அம்மா வேலை, படம் எடுப்பது என் வேலை. நான் குளித்துவிட்டு வரும்போது நீங்கள் வாசல் வெளிச்சத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருப்பீர்கள். முகம் மழித்து, தலைக்கு எண்ணெய் வைத்து வாரி, திருநீறு பூசி, அம்மா தேய்த்துக் கொடுத்த வெள்ளைச் சட்டையைக் கழுத்துப் பட்டன் வரைக்கும் போட்டுக்கொண்டு. கால் மட்டும் ஸ்டூல் மேல் நீண்டிருக்கும்.

"என்னப்பா, பொண்ணு பார்க்கவா போறீங்க?" என்று ஒருநாள் கேட்டேன்.

"மிஸ்ஸி பாக்குதுல்ல. படிச்ச புள்ள. சீக்காளி மாரி மூஞ்சியக் காட்டுனா நல்லாவா இருக்கும்?" என்றீர்கள்.

படத்தில் மூஞ்சி வராது என்று அப்போதே சொல்லியிருக்க வேண்டும். நான் ஒரு அவசரக்குடுக்கை. கடை திறக்க நேரமாகிவிட்டதென்று பறந்துகொண்டிருந்தேன். ஸ்டிராபெரி வண்டி வந்து நிற்கும், சோளம் வேகப் போடவேண்டும். "சரி சரி, ஆடாம இருங்க" என்று குனிந்து, உங்கள் காலும் தீப்பெட்டியும் மட்டும் தெரிகிற மாதிரி எடுத்தேன். நீங்கள் மேலே, போனைப் பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்தீர்கள். மூச்சைக்கூடப் பிடித்துக்கொண்டு.

மூன்றாவது வாரம் கால் நிறம் மாற ஆரம்பித்தது. முதலில் விரல் இடுக்கில் பழுப்பு. பிறகு பாதத்தின் ஓரம் முழுக்க. நான்கே நாளில் சுண்டுவிரலிலிருந்து பாதி பாதம் வரைக்கும் கறுத்துவிட்டது. நேற்றைய படத்தையும் இன்றைய படத்தையும் பக்கத்தில் வைத்துப் பார்த்துக்கொண்டே இருப்பேன். கடையில் யாராவது ஸ்டிராபெரி விலை கேட்டால் இரண்டு தடவை கேட்ட பிறகுதான் எனக்குக் காதில் விழும்.

மிஸ்ஸியிடமிருந்து கேள்வி மேல் கேள்வி வந்தது. காய்ச்சல் இருக்கா? இல்லை. நாத்தம் அடிக்குதா? இல்லை. வலி? அந்தக் காலுக்கு எப்போது வலி தெரிந்தது? கடைசியில் அவரே கூப்பிட்டார். "நாளைக்குக் காலையில நேரா இங்க கொண்டு வந்துருங்க. சர்ஜன்கிட்ட சொல்லி வச்சிருக்கேன். படத்துல பார்த்தா செத்த சதை மாதிரிதான் தெரியுது. முட்டி வரைக்கும் போகலாம், மனசைத் தயார் பண்ணிக்குங்க."

மறுநாள் காலையில் நீங்கள் வாசல் நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றீர்கள்.

"நான் கீழ வரல. என் அண்ணன் போன மாரி நான் போக மாட்டேன்."

"அப்பா, கறுத்துப் போச்சுப்பா. ரத்தத்துல ஏறிருச்சுன்னா ஆளே போயிருவீங்க."

"கறுக்கல. எனக்குத் தெரியும்."

"உங்களுக்கு என்ன தெரியும்? கல்லு குத்துனதே தெரியல உங்களுக்கு. அரை நாள் அது மேல நடந்தவருதானே?"

அது வாயிலிருந்து வந்ததும் எனக்கே சுட்டது. ஆனால் நிறுத்தவில்லை. "செத்துப் போகணும்னா சொல்லுங்க, நான் கடையைத் திறக்கப் போறேன்" என்றேன். உங்கள் கை நிலையிலிருந்து மெல்ல இறங்கியது. அம்மா அடுப்படியில் நின்று எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்தாள். எதையோ சொல்ல வாயெடுத்தாள், நீங்கள் ஒரு பார்வை பார்த்தீர்கள், மூடிக்கொண்டாள். அப்போது உங்களில் ஒருத்தராவது ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம் இல்லையா அப்பா? என் வாய்க்கா அவ்வளவு பயம்?

நீங்கள் உள்ளே போய்ச் சட்டையை மாற்றிக்கொண்டு வந்தீர்கள். அதே வெள்ளைச் சட்டை.

கடை வேனை நான் ஓட்டினேன். கோலா தெர்லாவில் காய்கறி லோரிகள் வரிசையாக நின்றன, முந்தவும் முடியவில்லை. நான் ஹாரனை அழுத்திக்கொண்டே இருந்தேன், அதற்காக ஒரு லோரியும் நகர்ந்துவிடவில்லை. பின்சீட்டில் அம்மா உங்கள் காலை மடியில் வைத்துத் துணியால் மூடிப் பிடித்திருந்தாள். கம்போங் ராஜா தாண்டி இறக்கம் தொடங்கிய பிறகுதான் நீங்கள் பேசினீர்கள்.

"முட்டியோட எடுத்துட்டாங்கன்னா என்னைத் திரும்ப லயத்துக்குக் கொண்டு வராத பாப்பா. நம்ம வீட்டு மேட்டுல நான் எப்படி ஏறுவேன்? நாலு பேரு தூக்கிட்டுப் போறதை எல்லாரும் வேடிக்கை பார்ப்பாங்க."

"வாய மூடுங்கப்பா. ரோட்டைப் பார்க்கணும்" என்றேன். ரோடு எனக்குச் சரியாகத் தெரியவில்லை. கண்ணைத் துடைத்தால் நீங்கள் பார்த்துவிடுவீர்கள் என்று துடைக்காமலே ஒவ்வொரு வளைவாகத் திருப்பினேன். எந்த வளைவிலும் பிரேக்கை மெதுவாகப் பிடித்ததாக நினைவில்லை.

ஆஸ்பத்திரியில் உங்களைச் சக்கர நாற்காலியில் தள்ளிக்கொண்டு போனேன். புஷ்பா மிஸ்ஸி கையுறை மாட்டிக்கொண்டே வந்தார். பேட்ஜில் பெயரைப் பார்த்ததும் உங்கள் முகம் மலர்ந்துவிட்டது. காலைப் பற்றிய பயத்தையெல்லாம் மறந்து, சொந்தக்காரப் பெண்ணைப் பார்த்த மாதிரி கை கூப்பினீர்கள்.

"வணக்கம் மிஸ்ஸி. நான்தான்."

"வணக்கம் ஐயா. யாரு? அட்டை வச்சிருக்கீங்களா?"

"என்னைத் தெரியலையா? டெய்லி பாக்குறீங்களே."

மிஸ்ஸி உங்களைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். அம்மா துணியை விலக்கினாள். மிஸ்ஸி குனிந்து பார்த்ததும் சட்டென்று சொன்னார்: "ஓ, கேமரன் காலா? நீங்களா ஐயா அது?"

அவர்மேல் எனக்குக் கோபம் இல்லை. அன்போடுதான் சொன்னார். அவர் போனில் எத்தனையோ கால்கள், ஊர்ப் பெயரை வைத்துத்தான் அடையாளம். ஆனால் நீங்கள் கூப்பிய கையை இறக்கிவிட்டு என்னைத் திரும்பிப் பார்த்தீர்கள். கோபமாகப் பார்த்திருந்தால்கூடப் பரவாயில்லை. எதையோ தெரிந்துகொண்ட மாதிரி பார்த்தீர்கள். பிறகு சட்டையின் கழுத்துப் பட்டனைக் கழற்றினீர்கள்.

அதற்குள் டாக்டர் வந்துவிட்டார். சீனர், வயது முப்பதுகூட இருக்காது. பஞ்சை மருந்துத் தண்ணீரில் நனைத்துப் பாதத்தைத் துடைத்தார். பஞ்சு பழுப்பாக வந்தது. இன்னொரு பஞ்சு. அதுவும் பழுப்பு. மூன்றாவதை மூக்கருகே கொண்டு போனார். அவர் புருவம் ஏறியது.

"தே ஓ?" என்று மிஸ்ஸியைக் கேட்டார்.

நான் அம்மாவைப் பார்த்தேன். அம்மா தரையைப் பார்த்தாள்.

"தேத்தண்ணிதான்" என்றீர்கள் நீங்கள். "செவப்பு ஏறுனா வெட்டிருவாங்கன்னு மிஸ்ஸி சொன்னிச்சு. ஒரு நாள் காலையில செவப்பாத்தான் இருந்துச்சு. நமக்கு எந்தக் காயத்துக்கும் தேத்தண்ணிதானே. கழுவுன மாரியும் ஆச்சு, செவப்பு தெரியாமயும் போச்சுன்னு..."

கத்தி வெட்டுக்கும் அட்டைக் கடிக்கும் எஸ்டேட்டில் எல்லாரும் செய்வதுதான். ஆனால் நீங்கள் இருவரும், நான் குளிக்கப் போகிற நேரம் பார்த்து, துருப்பிடித்த பழைய பால்மாவு டின்னில் கை கையாகத் தேயிலைத் தூளைப் போட்டுக் காய்ச்சி, அதில் காலை ஊறவைத்திருக்கிறீர்கள். துருவும் சாயமும் சேர்ந்தால் கறுக்காமல் என்ன செய்யும்? சிவப்பை மறைக்கப் போய், செத்த காலைப் படம் எடுக்க வைத்தீர்கள். நாற்பது வருஷம் தேயிலையோடு கிடந்தவருக்கு இது தெரியாதா? எனக்குச் சிரிப்பும் வந்தது, அந்த டின்னை எடுத்து உங்கள் இருவர் தலையிலும் போடலாம் போலவும் வந்தது. சுவரில் சாய்ந்துகொண்டு அழுதேன்.

கழுவி முடித்தபோது பாதம் வெளிறிய ரோஜா நிறத்தில் உயிரோடு இருந்தது. சுண்டுவிரல் மட்டும் உண்மையிலேயே செத்திருந்தது. அதை மட்டும் எடுத்தார்கள். நிறத்தை மறைக்காமல் இருந்திருந்தால் அதையும் காப்பாற்றி இருக்கலாம் என்று டாக்டர் சொன்னார். நீங்கள் அதைக் காதிலேயே வாங்கவில்லை. முழங்காலைத் தடவித் தடவிப் பார்த்துக்கொண்டிருந்தீர்கள்.

வீட்டுக்குக் கூட்டி வந்த அன்று, வேனில், மெதுவாகக் கேட்டீர்கள். "ஒரு நாள்கூட மூஞ்சி வரலையா பாப்பா?"

"மிஸ்ஸி காலைத்தானேப்பா கேட்டாங்க. நாளைக்கு ஒன்னு எடுக்கறேன், மூஞ்சியோட" என்றேன்.

"ம்" என்றீர்கள்.

நாளைக்கு எடுக்கவில்லை. மறுநாளிலிருந்து நீங்கள் பனியனோடு வந்து உட்கார்ந்தீர்கள். மழிக்கவில்லை, வாரவில்லை. காலை மட்டும் ஸ்டூலில் வைத்துவிட்டு ரோட்டைப் பார்த்துக்கொண்டிருந்தீர்கள். எனக்கு அது கண்ணில் பட்டது அப்பா. படாமல் இல்லை. இன்றைக்குச் சீக்கிரம் வேலை முடிந்தது, நேரத்துக்குக் கடைக்குப் போய்விடலாம் என்றுதான் தோன்றியது. இதை எழுதும்போது என் கையை நானே அறைய வேண்டும் போல இருக்கிறது.

புண் ஆறியது. கீரை பறிக்கக்கூடப் போனீர்கள். அப்புறம் ஒரு காலையில் பசியாறிக்கொண்டிருக்கும்போது நெஞ்சைப் பிடித்தீர்கள், அவ்வளவுதான். கால் நன்றாக இருந்தது. அதை நான் எல்லாரிடமும் சொல்லிக்கொண்டிருந்தேன், பைத்தியக்காரி மாதிரி, "கால் நல்லா ஆறிருச்சு, கால்ல ஒன்னுமில்ல" என்று.

இன்று மூன்று மணிக்கு வேறு வழியில்லாமல் அண்ணனிடம் போனை நீட்டினேன். அவன் ஒவ்வொன்றாகத் தள்ளிப் பார்த்தான். முதலில் புரியவில்லை. பிறகு, "எல்லாம் காலு" என்றான். என்னைத் திட்டுவான் என்று நினைத்தேன். போனைத் திருப்பிக் கொடுத்துவிட்டு, ஐசிப் படத்தை எடுத்துக்கொண்டு பிரிஞ்சாங் கிளம்பினான். அவனும் மாசத்துக்கு ஒருமுறை போனில் பேசியதோடு சரிதானே. அவனிடமும் உங்கள் முகம் இல்லை.

அம்மா மூலையில் பாயில் உட்கார்ந்து எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தாள். அவளிடம் போய் உட்கார்ந்தேன். "சட்டை போட்டு உக்காந்தவரை ஒரு நாள்கூட எடுக்கலம்மா" என்றேன்.

"தெரியும். நீ குனிஞ்சு எடுக்கறதைப் பார்த்துக்கிட்டுதானே இருந்தேன்."

"அப்ப ஏம்மா சொல்லல? நீதானே டெய்லி சட்டை தேய்ச்சுக் கொடுத்த?"

"அந்தச் சட்டையைப் போட்டு உக்கார்ற நேரம் மட்டும் அவரு சீக்கை மறந்துருவாருலா. அதைக் கெடுக்க எனக்கு மனசு வரல" என்றாள்.

அப்புறம் அவள் எழுந்தாள். இந்தப் பதினைந்து நாளாகக் கைபிடித்து எழுப்ப வேண்டியிருந்தவள், தானே எழுந்தாள். முகம் கழுவி, தலை வாரி, நெற்றியில் பெரிதாகக் குங்குமம் வைத்துக்கொண்டு வந்து வாசல் வெளிச்சத்தில் உட்கார்ந்தாள். நாளைக்குக் காரியம் முடிந்ததும் அத்தைமார் வந்து பூவும் பொட்டும் வளையலும் எடுத்துவிடுவார்கள். தாலியையும். அதற்காகத்தான் இத்தனை நாள் அவற்றை அவள் மேல் விட்டு வைத்திருக்கிறார்கள்.

"என்னை எடு. இன்னைக்கே எடு" என்றாள். "நாளைக்கு அப்புறம் இந்த மூஞ்சியை எடுத்து என்ன செய்யப் போற?"

முதல் மூன்றும் கலங்கிவிட்டன. நான்காவது நன்றாக வந்தது. அம்மா சிரிக்கவில்லை. நேராகப் பார்த்தாள். "காட்டு" என்று போனை வாங்கி, கண்ணுக்குக் கிட்டே வைத்து நெடுநேரம் பார்த்தாள். "கெழவியாப் போயிட்டேன்" என்று சொல்லித் திருப்பிக் கொடுத்துவிட்டுப் பாய்க்குப் போய்விட்டாள்.

அப்பா, எனக்குப் பயமாக இருக்கிறது. கண்ணை மூடினால் உங்கள் முகம் இப்போதைக்கு வருகிறது. எத்தனை நாளைக்கு வரும்? மேல்பல் போனது இடது பக்கமா வலது பக்கமா என்று இன்று மத்தியானம் எனக்கே சந்தேகம் வந்துவிட்டது. கால் அப்படியில்லை. கண்ணை மூடிக்கொண்டு வரைந்துவிடுவேன்.

ஒன்று மட்டும் சொல்லி வைக்கிறேன், கேட்டுக்கொள்ளுங்கள். அம்மா தந்தது இன்றைய முகம். நாளைக்கு எல்லாவற்றையும் எடுத்த பிறகு முந்தானையை இழுத்து மூடிக்கொண்டு, "போ, என்னைப் பார்க்காத" என்பாள். அந்த முகத்தையும் எடுப்பேன். அத்தை முன்னால் எடுப்பேன், யார் என்ன சொன்னாலும் எடுப்பேன். அதற்கு மறுநாளும் எடுப்பேன். கடை தாமதமாகத் திறக்கட்டும். என் வாயைப் பற்றி உங்களுக்குத் தெரியும், அவள் ஜெயிக்க முடியாது. பொட்டு இல்லாத நெற்றியும் என் அம்மாவின் நெற்றிதான் என்று அவளே ஒருநாள் போனைக் கேட்டு வாங்கிப் பார்க்கும் வரைக்கும் விடமாட்டேன்.

இப்படிக்கு,
உங்களை நிமிர்ந்து பார்க்காமல் விட்ட உங்கள் மகள்,
பாப்பா